மாற்றிவிட ஆள் வேண்டும்

1995 ஜனவரி 17, விடியற்காலை 5.46. ஜப்பானின் கோபே நகரம் குலுங்கி அடங்குவதற்கு இருபது நொடி ஆனது. கோபேயிலும் சுற்றுப்புறத்திலுமாக 6,434 பேர் இறந்தார்கள். நகாட்டா வட்டாரத்தில் நெருக்கியடித்து நின்ற மரவீடுகள் தெருத்தெருவாக எரிந்தன. பூமிக்கடியில் போகும் தண்ணீர்க் குழாய்கள் உடைந்துபோனதால், தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் வராத குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. எதிரே ஊர் எரிகிறது, சுற்றி நிற்பவர்கள் கத்துகிறார்கள், அவர்களுக்குச் சொல்லப் பதில் இல்லை.

அந்த நகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனையில் மனநல மருத்துவராக இருந்தவர் அன் கட்சுமாசா. அப்போது அவருக்கு வயது 34. அவரும் அந்த நிலநடுக்கத்தில் அகப்பட்டவர்தான். ஆனாலும் வெளியூர்களிலிருந்து வந்து சேர்ந்த மனநல மருத்துவர்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. மக்கள் தங்கியிருந்த முகாம்களுக்குத் தானும் போய்வந்தார். மனநல மருத்துவர் வந்திருக்கிறார் என்று அறிவித்தால் யாரும் பக்கத்தில் வர மாட்டார்கள். இரவில் தூக்கம் வருகிறதா, ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்று மெல்லத் தொடங்கித்தான் பேச்சுக்கு வர வேண்டும். பார்த்ததையும் கேட்டதையும் சங்கேய் நாளிதழில் தொடராக எழுதினார். அது 1996இல் நூலாகி, ஜப்பானில் மதிப்புமிக்க சன்டோரி விருதையும் பெற்றது.

அந்த நூலின் சிறப்பு, காயம்பட்டவர்கள் யார் என்ற கணக்கை அது விரித்துக் காட்டியதுதான். வீடிழந்தவர், பிள்ளையை இழந்தவர் பக்கத்திலேயே தண்ணீரில்லாமல் நின்ற தீயணைப்பு வீரரையும் அவர் உட்கார வைத்தார். உதவ வந்தவர்களும் உடைகிறார்கள் என்பதை ஒரு மருத்துவர், அதுவும் உதவ நின்றவர்களில் ஒருவரே, பொதுமக்கள் படிக்கும் நாளிதழில் எழுதியது அன்றைக்குப் புதிது. 2000 டிசம்பரில் கல்லீரல் புற்றுநோயால் அவர் இறந்தபோது வயது 39. அந்த நோயையும் இந்த வேலையையும் முடிச்சுப் போட வேண்டாம். அப்படிச் செய்வது அவருக்கும் அறிவியலுக்கும் நியாயமாகாது. நிலநடுக்கம் நடந்து 25 ஆண்டு கழித்து, 2020இல், என்எச்கே தொலைக்காட்சி அவர் வாழ்க்கையைத் தழுவி ஒரு நாடகத் தொடர் எடுத்தது.

அவருடைய பேராசிரியர் நகாய் ஹிசாவோ. நிலநடுக்க நாட்களில் மருத்துவமனையில் இருந்துகொண்டு வேலைகளை நடத்தியவர். வெளியூரிலிருந்து உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டவர்களிடம் அவர் பூக்கள் கேட்டார். மஞ்சள் பூக்கள் வந்து வார்டுகளை நிறைத்தன. வெந்நீரும் கணப்பும் இல்லாத ஜனவரிக் குளிரில் இது அவருக்கு முக்கியமாகப் பட்டது. அவர் எழுதிவைத்த இன்னொன்று இதைவிட முக்கியமானது. வெளியூர் மருத்துவர்கள் எத்தனை நோயாளிகளைப் பார்த்தார்கள் என்பது அப்புறம். அவர்கள் வந்து பக்கத்தில் இருப்பதே முதல் உதவி என்றார். நமக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் களத்தில் இருப்பவர், நாளைக்கு வேண்டுமே என்று பலத்தை மிச்சம் பிடிக்காமல், இன்றைய வேலையை முழுதாகச் செய்ய முடியும்.

மாற்றிவிட ஆள் இருக்கிறதா? பேரிடரில் மனக்காயங்களுக்கு மருந்திடும் எல்லாரைப் பற்றியும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். பெரும்பாலும் யாரும் கேட்காத கேள்வியும் இதுதான்.

கோபே குலுங்கிய அதே 1995இல் அமெரிக்காவில் சார்லஸ் ஃபிக்லி என்ற உளவியலாளர் தொகுத்த ஒரு நூல் வந்தது. அவர் மரைன் படையில் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். பிறகு போர்வீரர்களின் மனக்காயங்களை ஆராய்ந்தவர். அடுத்தவர் துன்பத்தைக் கேட்டுக் கேட்டு, கேட்பவருக்கே அந்தத் துன்பத்தின் அறிகுறிகள் வருவதைப் பரிவுச் சோர்வு என்ற பெயரில் அந்நூல் பேசியது. அதற்கு ஐந்தாண்டு முன்பே லிசா மெக்கேன், லாரி பெர்ல்மன் என்ற இருவர் இதன் இன்னொரு பக்கத்தை எழுதியிருந்தார்கள். கேட்பவரின் தூக்கம் மட்டும் கெடுவதில்லை. உலகம் ஓரளவு பத்திரமானது, மனிதர்களை நம்பலாம், என் பிள்ளையை என்னால் காப்பாற்ற முடியும் என்ற அடிப்படை நம்பிக்கைகளே மெல்ல இடம் பெயர்கின்றன என்றார்கள். இதை மறைமுக மனவடு எனலாம்.

வேலைப்பளுவால் வரும் சலிப்பை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தச் சலிப்பு எந்த அலுவலகத்திலும் வரும். கோப்பு அதிகமானாலும் மேலதிகாரி சரியில்லாவிட்டாலும் வரும். மறைமுக மனவடுவின் போக்கு வேறு. அலை தூக்கிய பிள்ளையின் கை எப்படி நழுவியது என்று ஒரு தாய் சொல்லக் கேட்டவருக்கு, அந்தக் கை கனவில் வரும். தான் பார்க்காத கடல், தான் நிற்காத கரை, ஆனால் நழுவுவது தன் பிள்ளையின் கை. மறுநாள் பிள்ளை பள்ளிச் சுற்றுலாவுக்குக் கடற்கரை போக அனுமதி கேட்டால் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்பார். வீட்டில் இருப்பவர்களுக்கு அவர் ஏன் எரிந்துவிழுகிறார் என்று புரியாது. கேட்டதை வீட்டில் சொல்லவும் முடியாது, தொழில் ரகசியம்.

மருத்துவ உலகம் இதை ஏற்றுக்கொள்ள நாளாயிற்று. 2013இல் வந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, நேரில் சிக்கியவர்களோடு, வேலை நிமித்தமாக இத்தகைய கொடுமைகளின் விவரங்களுக்குத் திரும்பத் திரும்ப ஆளாகிறவர்களுக்கும் பேரதிர்ச்சிக்குப் பின்னான மனநோய் வரலாம் என்று எழுதியது. சிதைந்த உடல்களைச் சேகரிப்பவர்களை அதற்கு எடுத்துக்காட்டாகவே சொல்கிறது.

அந்த எடுத்துக்காட்டுக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. 2024 ஜூலை 30 பின்னிரவில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண்ணும் பாறையும் மூடின. சாலியாறு உடல்களையும் உடல் பகுதிகளையும் மலப்புறம் மாவட்டத்து நிலம்பூர் வரை அடித்துக்கொண்டு போனது. யாருடைய உடல் என்று தெரியாதவற்றை டிஎன்ஏ சோதனைக்கு எடுத்துவிட்டு, புத்துமலையில் எண்ணிட்ட குழிகளில் அடக்கம் செய்தார்கள். அந்தப் புத்துமலையே 2019 ஆகஸ்டில் சரிந்த மலை. மேப்பாடியில் உடல்களை அடையாளம் காண வரும் உறவினரின் கையைப் பிடித்துக்கொண்டு துணியை விலக்கும் இடம் வரை யாராவது கூடப் போக வேண்டும். அவர் தேடுவது தன் மகளை. கூடப் போகிறவருக்கு அன்று எத்தனையாவது மகள் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

இப்படிக் கேட்பவர்கள் என்ன செய்து தாக்குப்பிடிக்கிறார்கள்? ராபர்ட் ஜே லிஃப்டன் இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னவர். அமெரிக்க மனநல மருத்துவரான அவர் 1962இல் ஹிரோஷிமாவுக்குப் போய் அணுகுண்டிலிருந்து தப்பியவர்களை நேர்கண்டார். முதல் சில பேட்டிகள் முடிந்தபோது தான் அதிர்ந்து, சக்தியெல்லாம் வடிந்துபோய் இருந்ததை எழுதியிருக்கிறார். பிறகு சில நாட்களிலேயே தன்னிடம் ஒரு மாற்றத்தைக் கவனித்தார். அவர்கள் சொல்வதில் திரும்பத் திரும்ப வருவது எது, எதை எதோடு சேர்க்கலாம் என்று மனம் ஆய்வின் பக்கம் திரும்ப, துயரம் சற்றுத் தள்ளிப் போனது. தொழிலுக்காக மனத்தின் ஒரு பகுதியை மரத்துப்போகச் செய்துகொள்வது அது. அது இல்லாமல் அடுத்த பேட்டிக்குப் போயிருக்க முடியாது. 1968இல் வந்த அவர் நூல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதைப் பெற்றது.

அறுவை மருத்துவருக்கும் இந்த மரப்பு வேண்டும். தொல்லை, அது வேலை முடிந்ததும் கழற்றி மாட்டிவைக்க முடியாததாக ஆகும்போதுதான். மனைவி அழும்போதும் மரத்திருக்கும். மகனின் பரிசுச் சான்றிதழைப் பார்க்கும்போதும் மரத்திருக்கும்.

லிஃப்டனுக்கு இருந்த ஒரு வசதி நம் பக்கத்தவர்களுக்கு இல்லை. வேலை முடிந்ததும் அவர் தன் நாட்டுக்குத் திரும்பினார். கோபேயின் அன் கட்சுமாசாவுக்குத் திரும்பிப் போக வேறு ஊர் இல்லை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நாகப்பட்டினத்திலும் வேலை பார்த்தவர்களுக்கும் இல்லை. பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவராக இருந்துகொண்டே போரின் மனவடுக்களை ஆராய்ந்து 1998இல் நூலாக்கினார். அவரும் அவரோடு பணிசெய்தவர்களும் கேட்ட ஷெல் சத்தமும் அவர்களிடம் சிகிச்சைக்கு வந்தவர்கள் கேட்ட ஷெல் சத்தமும் ஒன்றே. 1995 அக்டோபர் கடைசியில் போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது நோயாளிகள் நடந்த வீதியில்தான் வைத்தியர்களும் தாதியரும் நடந்தார்கள்.

ஒன்பது ஆண்டுகளில் கடலும் வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்டக் கணக்கில் அம்பாறையில்தான் மிக அதிகம். தமிழ்நாட்டில் இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் நாகப்பட்டினம் மாவட்டத்தவர் மட்டும் 6,000க்கு மேல். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனக் குழுவினர் போபால் விஷவாயு, ஒடிசா பெரும்புயல், குஜராத் பூகம்பம் ஆகியவற்றில் கற்ற பாடத்தோடு வந்தார்கள். சிறப்பு மருத்துவர்கள் எல்லா ஊருக்கும் போதமாட்டார்கள், ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பாடம். சரியான பாடம்தான். சென்னையில் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் உறவுகளை இழந்தவர்களிடம் தொடர்ந்து போய்வந்ததால் மனத்துயர் குறைந்ததை 2008இல் வந்த ஓர் ஆய்வு பதிவுசெய்திருக்கிறது. படித்த நிபுணர் வந்தால்தான் ஆறும் என்றில்லை.

ஆனால் ஊர்க்காரரைப் பணியில் அமர்த்தும்போது கூடவே வரும் சுமையைத் திட்டம் தீட்டுகிறவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. நாகப்பட்டினத்தின் கீச்சாங்குப்பத்திலோ அக்கரைப்பேட்டையிலோ வீடுவீடாகப் போய்ப் பேசும் பெண், தானும் அண்ணனையோ அத்தையையோ கடலுக்குக் கொடுத்தவளாக இருப்பாள். எதிரே இருக்கிறவர் சொல்லும் இறந்தவர்களின் பெயர்களில் பாதி அவளுக்குத் தெரிந்த பெயர்கள். அவளுக்கு மாலை ஐந்து மணிக்கு வேலை முடியாது. தண்ணீர்க் குழாயடியிலும் ரேஷன் கடையிலும் தொடரும். ஒப்பந்தம் முடிந்ததும் சம்பளம் நின்றுவிடும். கதவைத் தட்டுகிறவர்கள் நிற்க மாட்டார்கள். அக்கா, நீங்கதான் அன்னிக்கு வந்து பேசினீங்க, கொஞ்சம் வாங்க என்று கூப்பிடுபவரிடம் திட்டம் முடிந்துவிட்டது என்று யாரால் சொல்ல முடியும்?

ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையில் வெளிநாட்டு ஆலோசகர்கள் வந்து குவிந்த கதையை ஈதன் வாட்டர்ஸ் என்ற எழுத்தாளர் 2010இல் வந்த தன் நூலில் ஓர் அத்தியாயமாகவே எழுதியிருக்கிறார். குறுகிய காலத்துக்கு வந்தார்கள், பலருக்கு மொழி தெரியாது, மக்களின் துக்க முறைகளும் தெரியாது. இந்த இடத்தில் யாரும் கவனிக்காத ஒருவரைச் சொல்லியாக வேண்டும்: மொழிபெயர்ப்பாளர். கணவனை இழந்தவர் தமிழில் சொல்வதை அவர் ஒரு முறை கேட்கிறார். பிறகு அதையே ஆங்கிலத்தில் தன் வாயால் சொல்கிறார், அதுவும் "நான்" என்று தன்மையில். என் கணவரை அலை கொண்டுபோனது, நான் மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று ஒரு நாளைக்குப் பலமுறை சொல்கிறவர், ஆங்கிலம் தெரியும் என்பதற்காக அழைத்துவரப்பட்ட பல்கலைக்கழக மாணவராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். ஆலோசகருக்காவது பயிற்சி உண்டு. இவருக்கு ஒன்றும் கிடையாது. ஆலோசகர் விமானம் ஏறிய பிறகு அந்த வார்த்தைகளெல்லாம் இவரிடமே தங்கிவிடும்.

சரி, இதற்கு என்னதான் செய்வது? முதலில் எது உதவவில்லை என்று பார்த்துவிடலாம். 1983இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி மிட்செல் ஒரு முறையை எழுதினார். கொடூர நிகழ்வைச் சந்தித்த மீட்புப் பணியாளர்களை ஓரிரு நாளுக்குள் வட்டமாக உட்கார வைத்து, பார்த்ததையும் பட்டதையும் சொல்லவைக்கும் முறை. உலகெங்கும் பரவியது, பாதிக்கப்பட்டவர்களுக்கும் நீட்டித்தார்கள். பிறகு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2002இல், ஒரே அமர்வில் இப்படிப் பேசவைப்பது பேரதிர்ச்சிக்குப் பின்னான மனநோயைத் தடுக்கவில்லை என்றது. கட்டாயப்படுத்திக் கொட்டவைப்பதை விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னது. ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட நெருக்கடிக்கால மனநல வழிகாட்டியும் அதை வழக்கமாகச் செய்வதைப் பரிந்துரைக்கவில்லை. பணியாளர்களின் மனநலத்துக்கென்றே அதில் தனிப் பகுதி உண்டு.

இரண்டாவது, உன்னை நீயே பார்த்துக்கொள் என்ற அறிவுரை. யோகா செய், நடைப்பயிற்சி போ, பாட்டுக் கேள். இவை நல்லவை, யாரும் விட வேண்டாம். ஆனால் 2006இல் கனடாவின் டெட் போபர், ஷெரில் ரெகர் இருவரும் 259 ஆலோசகர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவைத் துறைத்தலைவர்கள் படிக்க வேண்டும். இப்படிப்பட்ட பழக்கங்கள் உதவும் என்று ஆலோசகர்கள் நம்பினார்கள். ஆனால் அவற்றுக்கு அதிக நேரம் ஒதுக்கியவர்களிடம் மனவடு அறிகுறிகள் குறைவாக இல்லை. அறிகுறிகளை முன்னறிவித்தது வேறொன்று: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கொடுமைக்கு ஆளானவர்களிடம் பேசுகிறார் என்ற எண்ணிக்கை. நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் 236 சமூகப் பணியாளர்களிடம் ஜோசப் பொஸ்கரினோவும் ஃபிக்லியும் மற்றவர்களும் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வும் இதே பக்கம்தான் நிற்கிறது. மீட்புப் பணியில் அதிகம் ஈடுபட்டவர்களுக்குப் பாதிப்பு அதிகம். பணியிடத்தில் ஆதரவு இருந்தவர்களுக்குக் குறைவு.

ஆகவே இது ஆளின் மனத்திடம் பற்றிய விஷயமில்லை. பணிப்பட்டியல் போடுகிறவரின் கையில் இருக்கும் விஷயம். சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலில் தூசி படிந்தால் அவரை மூச்சுப்பயிற்சி செய்யச் சொல்லி அனுப்புவதில்லை. சுரங்கத்துக்குக் காற்று வழி போடச் சொல்கிறோம், வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்கிறோம்.

ஜப்பான் இதைத் தன் இழப்புகளிலிருந்து கற்றது. 2011 மார்ச் 11 பேரலைக்குப் பிறகு, 2013இல் பேரிடர் மனநல உதவிக் குழுக்களை முறையாக அமைத்தார்கள். ஒரு குழுவில் மனநல மருத்துவர், செவிலியர், இவர்களோடு வாகனம், தங்குமிடம், தொடர்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒருவர். ஒரு குழுவின் பணிக்காலம் பொதுவாக ஒரு வாரம். அதில் போக வர இரண்டு நாள். பிறகு அடுத்த குழு. 2016 குமமோட்டோ நிலநடுக்கத்திலும் 2024 புத்தாண்டு நாளில் நோட்டோ தீபகற்பம் குலுங்கியபோதும் இந்தக் குழுக்கள் போயின. உள்ளூர் ஊழியர்களையும் மீட்புப் பணியாளர்களையும் தாங்குவது அவர்களுடைய எழுதப்பட்ட கடமைகளில் ஒன்று. நகாய் ஹிசாவோ கேட்ட மாற்று ஆள், அரசாணையாக வந்து சேர்ந்தார்.

வலியை மட்டுமே சொல்லி நிறுத்தினால் இந்த வேலையைச் செய்கிறவர்களே ஏற்க மாட்டார்கள். கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் வன்முறைக்கும் ஆட்கடத்தலுக்கும் ஆளான குடும்பங்களோடு வேலை செய்த ஆலோசகர்களைப் பற்றி 2007இல் பிலார் எர்னாண்டஸும் அவரோடு இருவரும் எழுதினார்கள். அவ்வளவையும் இழந்தவர்கள் மீண்டு எழுவதைப் பார்த்ததில் ஆலோசகர்களும் உரம் பெற்றிருந்தார்கள். தங்கள் சொந்தக் கஷ்டங்களைப் பார்க்கும் விதமே மாறியிருந்தது. தூங்காத பெண் ஒரு நாள் தூங்கினேன் என்று வந்து சொல்வதும், கடலையே பார்க்க மாட்டேன் என்றவர் மறுபடி வலையைப் பின்ன உட்காருவதும் சம்பளத்தில் கிடைக்காதவை. பலரும் இந்த வேலையை விடாமல் இருப்பது இதற்காகத்தான். அதைக் காரணம் காட்டி அவர்களிடம் கூடுதலாகக் கறப்பதுதான் தவறு.

இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஆய்வுகள் தரும் கணக்கு சுமார் 0.75. புயலோ வெள்ளமோ வரும்போது மாவட்ட மனநலத் திட்டத்தின் அதே சில மருத்துவர்களும் ஆலோசகர்களும்தான் போகிறார்கள். முகாம் முடிந்ததும் தேங்கிக் கிடக்கும் வழக்கமான புறநோயாளிகளிடம் நேரே திரும்புகிறார்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் உளசமூக ஆதரவுக்கென்று 2009லேயே தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. நாட்டில் தாள்களுக்குப் பஞ்சமில்லை.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திட்டம் இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். படகு எத்தனை, மரம் அறுக்கும் இயந்திரம் எத்தனை, எந்தப் பள்ளி முகாமாகும் என்றெல்லாம் எழுதும் அந்தத் திட்டத்தில் இன்னும் சில வரிகள் சேர வேண்டும். முகாமுக்குப் போகும் ஆலோசகர் யார், எத்தனை நாளில் திரும்புவார், அவரை மாற்றிவிடப் போகிறவர் யார், ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் பேசலாம், அவர் வாரம் ஒருமுறை மனம்விட்டுப் பேசக்கூடிய மூத்தவர் யார், திரும்பிய பின் சம்பளத்தோடு எத்தனை நாள் ஓய்வு. மொழிபெயர்ப்பாளருக்கும் ஊர்த் தன்னார்வலருக்கும் இதே வரிகள் பொருந்த வேண்டும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாவட்டந்தோறும் ஆயத்தக் கூட்டம் நடக்கிறது. அதில் உட்காரும் அதிகாரிகளும், பக்கத்தில் உட்காரும் தொண்டு நிறுவனத்தாரும், செய்தி எடுக்கப் போகும் நிருபர்களும் இந்த வரிகள் திட்டத்தில் இருக்கின்றனவா என்று இந்த ஆண்டே கேளுங்கள்.